சும்மா எழுதிக் கொடுத்த 14 கட்டுரைகள்

எழுத்தை மட்டுமே நம்பிப் பிழைப்பது என்று முடிவெடுத்து வந்த முதல் வருடத்தில் 14 கட்டுரைகளைக் காசு வாங்காமல் எழுதினேன். தேதி, தலைப்பு, யாருக்கு, எத்தனை மணி நேரம் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்ததால் கணக்கு சரியாகத் தெரியும். பதினான்குக்கும் சேர்த்து 131 மணி நேரம். அவற்றில் இரண்டுதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தன. மற்ற பன்னிரண்டால் ஒரு நல்ல கிளையன்ட்கூட வரவில்லை.

புதிதாக ஃப்ரீலான்ஸ் எழுத வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "ஆரம்பத்துல கொஞ்ச நாள் ஃப்ரீயா எழுதிக் கொடுத்தா கிளையன்ட் பிடிக்கலாமா?" நானும் அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தேன். அன்றைக்கு என் கணக்கு முழுவதும் காசைப் பற்றியது. இப்போது விட்டுக்கொடுத்தால் பிறகு வந்து சேரும் என்று நினைத்தேன். காசு இல்லாத இடத்தில் இன்னொன்றும் இல்லாமல் போகிறது என்பது தெரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

முதலில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சிறு வியாபாரிகள் கணக்கு எழுத உதவும் மென்பொருளை விற்கிறவர்கள். தங்கள் தளத்துக்கு மாதம் எட்டுக் கட்டுரை வேண்டும் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் விண்ணப்பித்ததும் பதில் வந்தது: "மூணு ட்ரையல் ஆர்டிகிள் எழுதி அனுப்புங்க. செலக்ட் ஆனா மூணுக்கும் சேர்த்தே பணம் கொடுத்துடறோம்." எட்டுக் கட்டுரை என்பது எனக்கு ஒரு மாதத்து வாழ்வு. மறுபேச்சே பேசவில்லை.

இரண்டாவது கட்டுரையின் தலைப்பு, கணக்கில் இருக்கும் சரக்குக்கும் கையில் இருக்கும் சரக்குக்கும் ஏன் வித்தியாசம் வருகிறது என்பது. அதற்காக இரண்டு வியாபாரிகளிடம் போனில் பேசினேன். திரும்பி வந்த சரக்கைக் கணக்கில் ஏற்ற மறப்பது, ஒரே பொருளை இரண்டு பெயரில் பதிவது, உடைந்துபோனதைக் கணக்கிலிருந்து கழிக்காமல் விடுவது என்று அவர்கள் சொன்ன காரணங்களை வைத்து எழுதினேன். 11 மணி நேரம் பிடித்தது. அனுப்பிய மறுநாள் "அருமை சார், டீமிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம்" என்று ஒரு வரி வந்தது. மூன்றாவதையும் அனுப்பினேன். அதன்பின் பேச்சே இல்லை. இரண்டு முறை நினைவூட்டினேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது அந்த இரண்டாவது கட்டுரை கண்ணில் பட்டது. அவர்கள் தளத்தில், 'ஆசிரியர் குழு' என்ற பெயரில். கோபம் வந்தது உண்மை. ஆனால் என்னை அதைவிட உலுக்கியது நான்காவது பத்தி. 'சரக்கிருப்பு' என்று எழுத வேண்டிய இடத்தில் நான் அவசரத்தில் 'சரக்கிறுப்பு' என்று அடித்திருந்தேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. அந்த வல்லின ற அப்படியே இருந்தது. எடுத்துப் போட்டவர்கள்கூட அதைப் படிக்கவில்லை. எழுத்துப் பிழை பார்க்க ஒரு ஆள், தலைப்பை மாற்றலாமா என்று யோசிக்க ஒரு ஆள், இது நமக்குப் பொருந்துமா என்று கேட்க ஒரு ஆள், யாருமே அந்தக் கட்டுரைக்கு இல்லை. நான் பரீட்சை எழுதினேன், திருத்த அங்கே வாத்தியாரே இல்லை. அப்புறம் எப்படித் தேர்வாவது?

நோட்டை எடுத்து மற்ற இலவசக் கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு ஏஜென்சிக்கு இரண்டு, ஒரு பயிற்சி நிலையத்துக்கு ஒன்று, இன்னும் சில. எந்த ஒன்றுக்காவது "இந்த இடம் புரியவில்லை", "இந்த முடிவு சரியில்லை" என்று ஒரு வரி வந்திருக்கிறதா? ஒன்றுக்கும் இல்லை. 'சூப்பர்', 'நன்றி', கைகூப்பும் படம். அவ்வளவுதான்.

அந்த வருடத்தின் பத்தாவது மாதத்தில் வேறு ஒன்று நடந்தது. வீட்டில் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கியிருந்தோம். அதோடு வந்த குறிப்புத் தாளைப் படித்துவிட்டு அவர் கருவியைப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டார். நான் வாங்கிப் பார்த்தேன். "அளவீட்டிற்கு முன்னர் பயனர் ஓய்வு நிலையில் இருத்தல் பரிந்துரைக்கப்படுகிறது" என்று ஆரம்பித்து அதே மாதிரி இரண்டு பக்கம். சரி, அப்பாவுக்காக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். "ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், கால் தரையில் படட்டும், கால் மேல் கால் வேண்டாம். கையை மேசைமேல் வையுங்கள். பட்டை இதயத்தின் உயரத்துக்கு இருக்க வேண்டும். புகைபிடித்து அரை மணி நேரம் ஆகாவிட்டால் இப்போது பார்க்காதீர்கள்." இப்படி ஒரே பக்கம். அப்பா அதைப் படித்துவிட்டுக் கருவியை வெளியே எடுத்தார்.

அதைப் பார்த்ததும்தான் யோசனை வந்தது. இடது பக்கம் பழைய குறிப்பு, வலது பக்கம் என் குறிப்பு, கீழே நான் என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று நான்கு வரி. நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டேன், யாரையும் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. மொத்தம் ஆறு மணி நேரம். மருத்துவக் கருவிகள் செய்யும் ஐந்து நிறுவனங்களுக்கு, யார் அங்கே கையேடுகளைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தேடி, அவரவர் பெயருக்கே அனுப்பினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர் ஒரு பெண் எடிட்டர். "400 வார்த்தையில் ஒரு டெஸ்ட் தருகிறேன். அதற்குப் பணம் உண்டு. உங்கள் ரேட்டில் பாதி, சம்மதமா?" என்று கேட்டிருந்தார்.

டெஸ்டுக்குப் பணம் என்று கேட்டதே அப்போதுதான் முதல் தடவை. எழுதி அனுப்பினேன். நான்கு நாளில் திரும்பி வந்தது, ஓரத்தில் 23 குறிப்புகளோடு.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான் இப்படி எழுதியிருந்தேன்: "கருவியைப் பயன்படுத்தும் முன் அது சுத்தம் செய்யப்பட்டிருப்பதை உறுதி செய்யவும்." அதன் பக்கத்தில் அவர் எழுதியது: "யார் சுத்தம் செய்யணும்? எதால? படிக்கிறவருக்கு 60 வயசு, கண்ணாடி பக்கத்துல இல்ல, வீட்ல அவர் மட்டும்தான் இருக்கார்." அப்பாவுக்காக எழுதும்போது எனக்குத் தானாக வந்தது, பரீட்சை என்றதும் ஓடிப்போய்விட்டிருக்கிறது. திருத்தினேன்: "ஈரத் துணியைப் பிழிந்து கருவியைத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சுவிட்சைப் போடுங்கள்." கையேடு எழுதுவது என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அந்த 23 குறிப்புகளில். பன்னிரண்டு இலவசக் கட்டுரைகளில் ஒரு குறிப்புகூடக் கற்றுக்கொள்ளவில்லை.

வேலை கிடைத்துப் பல மாதம் ஆனபின் அவரிடம் கேட்டேன். "மேடம், எல்லாரும் சும்மாவே டெஸ்ட் வாங்கறாங்க. நீங்க ஏன் காசு கொடுத்து வாங்கறீங்க?" அவர் சொன்ன பதில் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "காசு கொடுக்கணும்னா நான் அக்கவுன்ட்ஸ்ல அனுமதி வாங்கணும். அதுக்கு ஏன், எதுக்குன்னு காரணம் எழுதணும். அப்படிக் காரணம் எழுதிட்டு, வந்த கட்டுரையைப் படிக்காம இருக்க முடியாதுங்க. ஃப்ரீன்னா நான் இருபது பேர்கிட்ட வாங்கிடுவேன். இருபதையும் யார் படிக்கறது?"

நான் தேடிக்கொண்டிருந்த விடை அதுதான். நமக்குக் காசு கிடைப்பது ஒரு விஷயம். அந்தக் காசு அவர்கள் பக்கத்தில் செய்யும் வேலை இன்னொரு விஷயம், அதை நாம் யோசிப்பதே இல்லை. யாரோ ஒருவர் ஒரு தொகைக்குப் பொறுப்பேற்கிறார். பொறுப்பேற்றவர் படிக்கிறார். படித்தவரால்தான் நம்மைத் தேர்வு செய்ய முடியும். இலவசமாக வருவது யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் ஒரு ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அப்படியானால் காசில்லாமல் எதையுமே செய்யக்கூடாதா என்று கேட்டால், என் நோட்டிலேயே மறுப்பு இருக்கிறது. பலன் தந்த இரண்டில் ஒன்று அப்பாவுக்காக எழுதிய குறிப்பு. இன்னொன்று, டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் குடும்பத்தார் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவுக்காக எழுதியது. ஃபிஸ்டுலா வைத்த கையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இரண்டு பக்கத் தாள் வேண்டும் என்றார்கள். ரத்தக்குழாய் இரண்டை இணைத்து டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தயார் செய்யும் இடம்தான் ஃபிஸ்டுலா. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவிடக் கூடாது, வேறு பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கவிடக் கூடாது, அந்தக் கைமேல் படுத்துத் தூங்கக் கூடாது, தினமும் அந்த இடத்தில் விரல் வைத்து ரத்தம் ஓடுகிற அதிர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒரு சொல் தப்பினால் ஒருவருடைய கை.

அவர்களிடம் கொடுக்கக் காசு இல்லை என்பது எனக்குத் தெரியும், கேட்கவும் இல்லை. ஆனால் நான் மூன்று விஷயங்களை முதலிலேயே பேசிக்கொண்டேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது. திருத்தம் ஒரு சுற்று. கடைசியில் என் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். அந்தத் தாளை டயாலிசிஸ் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த ஒரு நர்ஸ் வரிவரியாகப் படித்தார். 'அதிர்வு' என்றால் எல்லாருக்கும் புரியாது, 'பூனை உறுமுகிற மாதிரி கையில் தெரியும்' என்று போடுங்கள் என்றார். போட்டேன். தாள் அச்சாகிக் காத்திருக்கும் இடங்களில் வைக்கப்பட்டது. சில வாரத்தில், நோயாளிகளுக்கான பிரசுரங்கள் செய்யும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதினார். அந்தத் தொடர்பு இன்றுவரை இருக்கிறது.

ஆக, அங்கே காசு இல்லை, ஆனால் படித்தே தீர வேண்டிய ஒருவர் இருந்தார். அந்த நர்ஸுக்கு என் கட்டுரை யாரோ அனுப்பிய ஃபைல் இல்லை, அவருடைய நோயாளிகளின் கையில் போகப்போகிற தாள். இப்போது யாராவது காசில்லாமல் ஒன்று கேட்டால் நான் எனக்குள் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இதை அங்கே யார் படிப்பார்? அவர் படிக்காவிட்டால் அவருக்கு என்ன நஷ்டம்? பதில் தெரியவில்லை என்றால் எழுதுவதில்லை.

'பேர் கிடைக்கும்' என்கிற பேச்சையும் சொல்ல வேண்டும். அந்தப் பன்னிரண்டில் நான்கு, வாசகர் கூட்டம் அதிகம் என்று சொல்லிக்கொண்ட ஒரு தளத்துக்கு எழுதியவை. பெயர் போட்டார்கள், படமும் போட்டார்கள். அதைப் பார்த்து மூன்று பேர் என்னைத் தொடர்புகொண்டதும் உண்மை. மூன்று பேரும் இலவசமாக எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். ஒருவரிடம் என் ரேட்டைச் சொன்னபோது, "அங்க சும்மாதானே எழுதினீங்க, எங்களுக்கு மட்டும் ஏங்க காசு?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார். அவர் பார்த்த வரையில் என் எழுத்தின் விலை பூஜ்யம். அந்த விலையை அவருக்குச் சொன்னது நான்தான்.

இந்த விஷயத்தில் அமெரிக்கச் செய்தித் தளமான ஹஃபிங்டன் போஸ்டின் கதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2005-இல் ஆரம்பித்த அந்தத் தளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் காசு வாங்காமல் எழுதினார்கள். 2011-இல் ஏஓஎல் நிறுவனம் அதை 31.5 கோடி டாலருக்கு வாங்கியது. இலவசமாக எழுதியவர்கள் தங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று 10.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2012-இல் வழக்கு தள்ளுபடியானது. காசு இல்லை, பெயர் வெளியே தெரியும், அவ்வளவுதான் என்பதைத் தெரிந்துதானே எழுதினீர்கள் என்பதுதான் நீதிமன்றம் சொன்னதன் சாரம். 2018 ஜனவரியில் அந்தத் தளமே தன் அமெரிக்கப் பதிப்பில் அந்த ஏற்பாட்டை நிறுத்தியது. இதில் என் மனதில் பதிகிற விஷயம் ஒன்றுதான். முதல் நாள் எந்த நிபந்தனையில் எழுத ஒத்துக்கொண்டோமோ அதுதான் கடைசி நாளும் நிற்கும். பின்னால் அவர்கள் வளர்ந்தபிறகு நம்மை நினைத்துப் பார்ப்பார்கள் என்று காத்திருந்து பயனில்லை.

மென்பொருள் நிறுவனத்தின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். கட்டுரையைப் பார்த்த அன்று ராத்திரியே காரசாரமாக ஒரு மெயில் அடித்தேன், அனுப்பவில்லை. காலையில் அதை அழித்துவிட்டு ஐந்து வரியில் வேறு ஒன்று எழுதினேன். எந்தத் தேதியில் நான் அனுப்பினேன், தேர்வானால் பணம் என்று அவர்கள் சொன்ன மெயில் எது, கட்டுரை எங்கே இருக்கிறது. அதோடு ஒரு இன்வாய்ஸ். பணமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. இரண்டு வாரத்தில் கட்டுரை மட்டும் காணாமல் போனது.

அப்போதுதான் காப்புரிமையைப் பற்றிப் படித்தேன். முன்னாடியே படித்திருக்க வேண்டும். 1886-இல் கையெழுத்தான பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. 1908-இல் பெர்லினில் அதைத் திருத்தியபோது, பதிவு போன்ற சடங்கு எதுவும் இல்லாமலே உரிமை எழுதியவருக்கு வந்துவிடும் என்று ஆக்கினார்கள். சம்பளத்துக்கு இருந்து எழுதுகிறவர்கள் கதை வேறு, அங்கே பல நாடுகளில் உரிமை முதலாளிக்குப் போகும். நம்மைப் போன்றவர்களுக்கு, உரிமையை நாமாக எழுதிக் கொடுக்காதவரை ட்ரையல் கட்டுரை நம்முடையது. ஆனால் விண்ணப்பப் படிவங்களின் கடைசியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், 'அனுப்பும் எல்லாப் படைப்புகளும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒப்புக்கொள்கிறேன்' என்று. டிக் அடிக்காமல் மேலே போக முடியாது. நானே இரண்டு இடத்தில் படிக்காமல் டிக் அடித்திருக்கிறேன். இப்போது அந்தக் கட்டத்தைப் பார்த்தால் படிவத்தை மூடிவிடுகிறேன். டெஸ்ட் எதற்காவது அனுப்ப நேர்ந்தால் மேலேயே ஒரு வரி போடுகிறேன்: "மதிப்பீட்டுக்காக மட்டும். பணம் கொடுத்த பிறகே பிரசுரிக்கலாம்." நேர்மையான எந்த நிறுவனமும் இதுவரை அந்த வரிக்கு முகம் சுளித்ததில்லை.

இன்றைக்கு யாராவது இலவச சாம்பிள் கேட்டால் நான் அனுப்பும் பதிலை அப்படியே தருகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். "உங்கள் துறையை ஒட்டி நான் எழுதிய மூன்று கட்டுரைகளை இணைத்திருக்கிறேன். உங்கள் பாணிக்கு நான் ஒத்துவருவேனா என்று பார்க்க விரும்பினால் 400 வார்த்தைக்குள் ஒரு டெஸ்ட் செய்யலாம். அதற்கு என் ரேட்டில் பாதி. நாம் சேர்ந்து வேலை செய்தால் முதல் இன்வாய்ஸில் அதைக் கழித்துக்கொள்கிறேன்." கழித்துக்கொள்வேன் என்பது முக்கியம். அவர்களுக்கு நஷ்டம் இல்லை என்று ஆகிறது, ஆனால் அந்த அக்கவுன்ட்ஸ் வாசலைக் கட்டுரை தாண்டியாக வேண்டும். இதை ஆரம்பித்ததும் பாதிப் பேர் பதில் போடுவதை நிறுத்திவிட்டார்கள். முதலில் பயமாகத்தான் இருந்தது. மீதிப் பாதியில் வந்தவர்கள்தான் இப்போது என் வாழ்க்கையை நடத்துகிறார்கள்.

பேச்சுவார்த்தையில் அவர்கள் தளத்தில் இருக்கும் ஒரு பத்தியை எடுத்து, போனிலேயே, "இதை நான் இப்படி மாற்றுவேன்" என்று சொல்லிக் காட்டுவதும் உண்டு. அதற்குக் காசு கேட்பதில்லை. பதினைந்து நிமிட வேலை, அதோடு அவர் எதிரில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு முழுக் கட்டுரையைத் தூக்கி அனுப்புவதைவிட அந்த ஒரு பத்தி அதிகம் பேசுகிறது.

காசு பேசிய பிறகு அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மெயிலில் இரண்டு வரி போதும்: என்ன வேலை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள். நியூயார்க் நகரத்தில் 2017-இல் 'ஃப்ரீலான்ஸ் இலவசம் அல்ல' என்ற பொருளில் பெயர் வைத்தே ஒரு சட்டம் வந்தது. 800 டாலரும் அதற்கு மேலும் போகும் வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், தேதி குறிக்கவில்லை என்றால் வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. வேலை வாங்கித் தரும் தளங்களிலும், அப்வொர்க் போன்றவை, விண்ணப்பிக்கிறவரிடம் இலவச வேலை கேட்பதை விதிமீறல் என்றே வைத்திருக்கின்றன. அப்படிக் கேட்டால் தளத்திடம் புகார் கொடுக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் தரும் பாதுகாப்பெல்லாம் பணம் பேசிய வேலைக்குத்தான். சும்மா கொடுத்ததற்குக் கெடுத் தேதியே கிடையாது, எதைத் தவறவிட்டார்கள் என்று போய்ச் சொல்வது?

எழுதிப் பிரசுரமானது ஒன்றுகூட இல்லாதவர் என்ன செய்வது? அப்பாவின் குறிப்புத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கொஞ்சமாவது தெரிந்த ஒரு துறை, அதில் மோசமாக எழுதப்பட்ட ஒரு பக்கம், அதனால் நிஜமாகக் கஷ்டப்படும் ஒரு ஆள். அந்த ஆளுக்காகத் திருப்பி எழுதுங்கள். அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லி, எங்கே தடுக்கி நிற்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதைத் திருத்தி, பழையதையும் புதியதையும் ஒரே பக்கத்தில் வைத்து, பெயர் தெரிந்த ஐந்து பேருக்கு அனுப்புங்கள். இதுவும் காசில்லாத வேலைதான். ஆனால் தலைப்பும் உங்களுடையது, நேரமும் உங்களுடையது. ஐந்து பேருக்கு அனுப்பியதை அடுத்த வாரம் இன்னொரு ஐந்து பேருக்கும் அனுப்பலாம். ட்ரையல் கட்டுரையை அப்படி அனுப்ப முடியாது.

இதையெல்லாம் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என்னோடு அதே சமயத்தில் எழுத வந்த ஒரு தங்கை இருந்தாள். கூடப் பிறந்தவள் இல்லை, எழுத்தில் வந்த பழக்கம். என்னைவிட நன்றாக எழுதுவாள். ஒரு சிக்கலான விஷயத்தை மூன்று வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள், எனக்கு அதற்கு ஒரு பக்கம் வேண்டும். அவளும் என் மாதிரியே ட்ரையல் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்பது மாதத்துக்குச் சேமிப்பு இருந்தது. அவளிடம் இரண்டு மாதத்துக்கு இருந்தது. நான்காவது மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டாள், எழுதுவதையே நிறுத்திவிட்டாள். இலவசமாக எழுதிக் காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்கிற வாசலில் திறமை பார்த்து ஆள் எடுப்பதில்லை. எத்தனை மாதம் காசில்லாமல் தாக்குப்பிடிப்பாய் என்று பார்த்துத்தான் எடுக்கிறார்கள். அவள் விஷயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

போன மாதம் நான் மறுபக்கத்தில் உட்கார நேர்ந்தது. ஒரு பெரிய கையேட்டு வேலைக்கு உடன் எழுத இன்னொருவர் தேவைப்பட்டார். "பத்துப் பேர்கிட்ட ஃப்ரீ சாம்பிள் வாங்கிப் பாருங்க சார், நல்லா இருக்கறவரை எடுத்துக்கலாம்" என்றார் கிளையன்ட். மூன்று பேருக்கு டெஸ்ட், மூன்றுக்கும் பணம் என்று கேட்டேன். அவர் யோசித்தார். பத்தையும் படிக்க என் நேரத்துக்கு நீங்கள் கொடுக்க வேண்டியதைவிட இது குறைவாகத்தான் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். சரி என்றார்.

மூன்றும் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து படித்தேன். ஒருவரை எடுத்தோம். எடுக்காத இருவருக்கும் பணத்தோடு என் குறிப்புகளையும் அனுப்பினேன், ஒருவருக்கு 17, இன்னொருவருக்கு 20. அந்த இருபது வாங்கியவர் இரண்டு நாள் கழித்துப் பதில் எழுதியிருந்தார். வேலை கிடைக்காததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எட்டாவது குறிப்பில் நான் சொன்னது தப்பு, அந்த வாக்கியத்தில் 'பிறகு' என்று போட்டால் வரிசை மாறிவிடும் என்று விளக்கியிருந்தார். எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. கையேட்டின் அடுத்த பகுதி தொடங்கும்போது கூப்பிட அவர் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன்.